லயத்தையும் நீர்மூழ்கிக் கப்பலாக அறிவியுங்கள்

தில்லியில் பாதுகாப்புத் துறையை நடத்தும் பெரியவர்களுக்கு, மூணாறு மலையிலிருந்தும் அட்டப்பாடிக் காட்டிலிருந்தும் ஒரு கோரிக்கை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களை நீர்மூழ்கிக் கப்பல்களாக அறிவித்துவிடுங்கள். அப்படியாவது உங்கள் கண்ணில் படுவோம்.

வாடகை கொடுப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. 1988-ல் சோவியத் ஒன்றியத்திடம் ஓர் அணுசக்தி நீர்மூழ்கியை வாடகைக்கு எடுத்து ‘சக்ரா’ என்று பெயர் வைத்தீர்கள். மூன்றே ஆண்டுகளில் அது திரும்பிப் போனது. 2012-ல் ரஷ்யாவிலிருந்து இரண்டாவது சக்ரா வந்தது. பத்தாண்டுக் குத்தகைக்கு 90 கோடி டாலருக்கும் மேல். விசாகப்பட்டினத்தில் அதைக் கடற்படையில் சேர்த்துவைத்தவர் நம் கேரளத்து ஏ.கே. அந்தோணி.

அந்தக் கப்பலுக்கு ஒரு முன்கதை உண்டு. ‘நெர்பா’ என்ற பெயரில், 2008 நவம்பர் 8 அன்று, ஜப்பான் கடலில் அது சோதனை ஓட்டத்தில் இருந்தது. தீயே இல்லாமல் தீயணைப்புக் கருவி திறந்துகொண்டு நச்சு வாயுவைக் கக்கியது. உள்ளே இருந்தவர்களில் 20 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். குடிபோகும் வீட்டில் துர்ச்சாவு விழுந்ததா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் நாட்டில், இதற்கு மட்டும் ஆரத்தி எடுத்தீர்கள். அதில் அணு ஆயுதம் ஏற்றக்கூடாது என்பது நிபந்தனை. 2017-ல் அதன் சோனார் பகுதி சேதமடைந்தது. 2021-ல், பத்தாண்டு நிறையும் முன்பே, வந்த வழியே போனது.

புத்தி வந்ததா? 2019 மார்ச்சில் மூன்றாவதற்கும் கையெழுத்துப் போட்டீர்கள். 300 கோடி டாலருக்கும் மேல் என்று செய்தி வந்தது. 2025-ல் தருவதாகச் சொன்னார்கள். 2025 போனது, கப்பல் வரவில்லை. உக்ரைன் போருக்கு நடுவிலும் ரஷ்யா தனக்கென்று போரேய், யாசென் வகைப் புதுக் கப்பல்களைக் கட்டி இறக்கிக்கொண்டேதான் இருக்கிறது. நமக்கு ஒதுக்கியது சோவியத் காலத்து அகுலா ரகம்.

இனி எங்கள் தகுதியைப் பாருங்கள். நீர்மூழ்கியில் இடநெருக்கடி என்கிறீர்கள். லயத்தில் ஒரே அறையில் மூன்று தலைமுறை படுக்கிறது. கப்பலிலிருந்து தகவல் வராது என்கிறீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, வெளியுலகுக்குச் சேதி போய்ச்சேர மறுநாள் விடிய வேண்டியிருந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள். அதே மறுநாள் கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் விழுந்தது. அங்கே இறந்தவருக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம், இங்கே 5 லட்சம். முதலமைச்சர் அங்கே உடனே போனார். இங்கே வர ஒரு வாரம் ஆனது. செத்த பிறகும் லயத்துக்காரனுக்குப் பாதி விலைதான்.

2000-ல் ரஷ்யாவின் ‘கூர்ஸ்க்’ நீர்மூழ்கி 118 பேரோடு போனது. என்ன ஆயிற்று என்று தொலைக்காட்சியில் கேட்டதற்கு, “மூழ்கிவிட்டது” என்று புன்னகைத்தார் புதின். பெட்டிமுடிக்கு என்ன ஆயிற்று என்று நம்மவர்களைக் கேளுங்கள். “மழை பெய்தது” என்பார்கள். இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

2013-ல் அட்டப்பாடிப் பழங்குடி ஊர்களில் சத்தில்லாமல் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்தன. இடமலக்குடி என்ற பழங்குடிக் கிராமத்தில் நோயாளியைத் தோளில் சுமந்து காட்டுவழி நடந்தார்கள். நாள்கூலி 232 ரூபாய் போதாது என்று 2015-ல் மூணாறுப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. கேட்டது 500, கிடைத்தது 301. இந்த மக்களுக்கு என்றால் மட்டும் கஜானாவின் பூட்டு துருப்பிடித்துக்கொள்கிறது.

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எந்த நாட்டுக்கு என்பதுதான் கேள்வி. ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் உழைத்தவள், ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்துவிட்டு நடக்கிறாளே, அவளுக்கும் சேர்த்துத்தான் அந்த நாடா?

வராத கப்பலின் குத்தகைக்குக் கணக்குச் சொல்லுங்கள். லயத்தில் இருப்பவளுக்கு அவள் பெயரில் பட்டா கொடுங்கள். இரண்டும் முடியாதென்றால், அடுத்த தேர்தலுக்கு மலையேறி வராதீர்கள்.