பேரரசர் கேட்டார், மருத்துவர் சொன்னார்

கேள்வி: சீன மருத்துவத்தின் மூல நூல்களைப் படித்துவிட்டால் டாக்டர் ஃபீஸ் மிச்சமாகுமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மிச்சமாகாது. ஆனால் பொழுது நன்றாகப் போகும். அவற்றில் முதன்மையான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’கே ஒரு கேள்வி-பதில் பகுதிதான்! மஞ்சள் பேரரசர் கேட்பார், சி போ என்ற மருத்துவர் அசராமல் பதில் சொல்வார். இரண்டு பாகம், பாகத்துக்கு 81 அத்தியாயம், வயது சுமார் 2,000 ஆண்டு. அதிலும் தீராத சந்தேகங்களுக்கு ‘நான்ஜிங்’ என்று இன்னொரு நூல். அதில் 81 கேள்விகள்.

‘ஷென்னோங் பென்சாவ் ஜிங்’ சொல்லும் மருந்துகள் 365. நாளுக்கொன்று!

உறவினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைப் பத்தாண்டுகளுக்குள் பறிகொடுத்த சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், காய்ச்சலுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

புதுச்சேரிக்காரருக்குப் பழைய மருத்துவ நூல்களின் ருசி புதிதல்ல. இங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை 1955-இல் தொடங்கிய ழான் ஃபிலியோசா, கண் மருத்துவராக இருந்து இந்தியவியலுக்கு வந்தவர். 1949-இலேயே இந்தியாவின் பழைய மருத்துவக் கோட்பாடு பற்றிப் பிரெஞ்சில் நூல் வெளியிட்டவர். நம் போகரும் சீனா போய்வந்ததாகச் சித்த மரபு சொல்கிறது.

மறுபடி சீன நூல்களுக்கு வருவோம். காய்ச்சலுக்கு ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து குடிக்கச் சொன்னது, 4-ஆம் நூற்றாண்டுச் சீனரான கோ ஹொங்கின் குறிப்பு. சூடுபடுத்தக் கூடாதோ என்று அதிலிருந்து யோசித்த சீன விஞ்ஞானி து யூயூ, மலேரியா மருந்து கண்டு 2015-இல் நோபல் வாங்கினார். குறிப்பு கிடைத்தது சுவடியில். மருந்து தேறியது சோதனைக்கூடத்தில். ஆகவே காய்ச்சல் வந்தால் நூலகம் வேண்டாம், ஜிப்மருக்குப் போங்கள்.