மூடி மறத்தல்: ஆடியோ கேபிள் பற்றவைப்பில் தொடக்கநிலையாளர் குறித்த ஓர் ஆய்வு

மைக்கில் பிறக்கும் மின்குறி ஆம்ப்ளிஃபயரைச் சென்றடைய ஒரு கேபிளும் அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு பின்னும் வேண்டும். கேபிளின் செம்புக் கம்பியைப் பின்னோடு ஈயத்தால் இணைப்பது பற்றவைப்பு எனப்படும். தொழில் வழக்கில் இது ‘ஈயம் வைக்கிறது’. வைத்த ஈயம் பிடிக்காதபோது வழங்கும் சொற்கள் வேறு. அவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

எந்தக் கலையை ஆராய்ந்தாலும் அதன் தொன்மையை நிறுவிவிட்டே அடுத்த பத்திக்குச் செல்வது தமிழாய்வு மரபு. அதன்படி தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களிலும் ஆடியோ கேபிள் தேடப்பட்டது. இல்லை. தனியே எடுத்துச் சொல்ல வேண்டாத அளவுக்கு அது அக்காலத்தில் எங்கும் பரவியிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. இதனினும் மெலிந்த சான்றுகளுக்கு முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. திணை வகுப்பதும் எளிது. நிலம், மைக் செட் கடையின் பின்கட்டு. பெரும்பொழுது, திருவிழாக்கள் மலிந்த ஆடி. சிறுபொழுது, கொடியேற்றத்துக்கு முந்தைய யாமம். கருப்பொருள், அயர்ன், ஈயக்கம்பி, பேஸ்ட் டப்பா, ஆறிப்போன டீ. உரிப்பொருள், பொறுத்தலும் பொறுத்தல் நிமித்தமும்.

இத்துறையின் பேராசான்கள் எழுதுவதில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆகவே முதன்மைச் சான்றாக இங்கே கொள்ளப்படுவது பணிமேசை. காய்ந்த அயர்ன் பட்டுக் கருகிய வடுக்கள் அதன் பலகையில் தலைமுறை தலைமுறையாகப் பதிந்துள்ளன. அவை இனி (மேசை, வடு 1) என்ற முறையில் சுட்டப்படும். துணைச் சான்று, உதிரிப் பின்கள் கிடக்கும் பிஸ்கட் டப்பா.

முதற்கருவி அயர்ன். பெரும்பாலான பின்களுக்கு 25 வாட் போதும். 6.35 மி.மீ. பின்னின் எர்த் தகடு மட்டும் தடித்தது. சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதற்கு 40 அல்லது 60 வாட் நன்று. சூடு குறைந்தால் கேபிளுக்கு நல்லது என்று நம்பி அரை நிமிடம் அயர்னை ஒட்டிவைத்திருப்பவரே கம்பியின் உறையை உருக்குகிறார் (மேசை, வடு 1). நுனி 350 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் இரண்டு மூன்று விநாடியில் வேலை முடியும். நுனியை ஈரமான ஸ்பாஞ்சில் துடைத்து, மெல்லிய ஈயப் பூச்சோடு வைத்திருக்க வேண்டும். அரத்தால் ராவும் வழக்கம் வெறும் செம்பு நுனிகளின் காலத்தது. இன்றைய நுனிகளில் செம்பின் மேல் இரும்பு முலாம் உண்டு. அரம் பட்டால் முலாம் போய், உள்ளிருக்கும் செம்பை உருகிய ஈயமே கரைத்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். அரமும் மேசையில்தான் இருக்கிறது.

ஈயக்கம்பியில் காரீயம் சிறுபான்மை. பரவலாக விற்பது வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் கலந்தது. 63-க்கு 37 என்ற கலவை 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். 60-க்கு 40 அப்படியன்று. 183-க்கும் ஏறத்தாழ 190-க்கும் இடையே களி போலக் குழைந்து நிற்கும். அந்தச் சில நொடிகளில் கை அசைந்தால் இணைப்பு மணல் மணலாக மங்கி உறையும். கடைமொழியில் இது ‘டிரை சால்டர்’. மேசையில் வேலை செய்யும்; தலைவர் மைக்கைப் பிடித்து ‘அன்பார்ந்த’ என்றதும் விட்டுவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபின் காரீயமில்லாக் கம்பிகள் பெருகின. வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் கலந்த வகை 217 டிகிரியில்தான் இளகத் தொடங்கும். சரியாக வைத்தாலும் மங்கலாகவே உறையும். ‘பளபளப்பே நல்லிணைப்பு’ என்ற பழைய இலக்கணம் அங்கே செல்லாது. இலக்கணத்தைத் திருத்தலாமா, ஈயத்தைத் திருத்தலாமா என்று கேட்டால் ஈயத்தைத்தான் என்று சொல்லும் அறிஞர்கள் இத்துறையிலும் உண்டு.

பற்றவைக்கும்போது எழும் புகை காரீயம் அன்று. கம்பியின் நடுவிலுள்ள ரோசின் எரிவது. ஆனாலும் நெஞ்சுக்கு ஆகாது. காரீயம் விரல் வழியாக வாய்க்குப் போகும் பொருள். கை கழுவாமல் பஜ்ஜி எடுக்கலாகாது. தகரம் பற்றவைக்கும் அமில பேஸ்ட் நாளடைவில் செம்பைப் பச்சை பூக்கச் செய்து அரித்துவிடும், விலக்குக.

பின்கள் நால்வகை. 6.35 மி.மீ. பின், கடைகளில் ‘பி-38’ என்று கேட்டால் கிடைப்பது, 19-ஆம் நூற்றாண்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் தொடங்கியது. எந்தச் சந்தாதாரரை எவரோடு இணைப்பது என்பதை ஆபரேட்டர் இந்தப் பின்னைச் செருகித் தீர்மானித்தார். 3.5 மி.மீ. பின்னைத் தொடக்கநிலையாளர் தொடாதிருப்பது நலம். ஏவி பின் உண்டு. நான்காவது, மூன்று காலுள்ள எக்ஸ்எல்ஆர். லாஸ் ஏஞ்சல்ஸின் கேனன் நிறுவனத்திலிருந்து வந்ததால் கடைகளில் இன்றும் ‘கேனன்’. இதில் 1 எர்த், 2 பாசிட்டிவ், 3 நெகட்டிவ். கம்பிகள் 2, 3 ஆகியவற்றை ஒரு முனையில் மட்டும் மாற்றி வைத்தால் ஒலி வரும். ஆனால் தலைகீழாக வரும். ஒரே கருவிக்கு முன் அடுத்தடுத்து இரண்டு மைக் வைத்து, ஒன்றில் மட்டும் இக்கேபிள் இருந்தால் அடித்தொனி ஒன்றையொன்று தின்று மெலியும். பழி வாசிப்பவர் மேல் விழும். ஆண் பின்னின் கால்வரிசை பெண் பின்னில் கண்ணாடிப் பிம்பமாக இருப்பதே இக்குழப்பத்தின் வேர். ஒவ்வொரு காலின் அருகிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது, வாலிபக் கண்களுக்கு.

பற்றவைப்பின் கோட்பாடு ஒரே வரி: அயர்னால் கம்பியையும் தகட்டையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தைச் சூடான உலோகத்தில் தொடு, அயர்னில் தொடாதே. இவ்வரியை மீறும் முறைகளைக் கொண்டு மாணாக்கர் வகுக்கப்படுவர். சுமப்போர், ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி, சொட்டாகச் சுமந்துவந்து இணைப்பின் மேல் இறக்குவர். வழியில் ரோசின் எரிந்து தீர்ந்துவிடுவதால் ஈயம் ஒட்டாமல் உருண்டையாக உட்காரும். அழுத்துவோர், சூட்டின் வேலையைத் தசையிடம் ஒப்படைப்பர். ஊதுவோர், ஆறும்முன் ஊதுவர். நன்னூல் பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி எனத் தொடங்கி எருமை, நெய்யரி வரை வகுத்துள்ளது, அதில் அயர்னைத் தவறான முனையில் பிடிப்பவருக்கு இடமில்லாதது குறையே (மேசை, வடு 3, வடுவின் அருகே விரலை உதறிய தடம் எனக் கருதத்தக்க ஈயத்துளி).

இனி முதன்மைப் பொருள். பெரும்பாலான பின்களுக்கு மரையால் திருகிப் பூட்டும் ஒரு மூடி உண்டு. அதைப் பற்றவைக்கும் முன்பே கேபிளில் கோத்துவிட வேண்டும். வைத்த ஈயம் ஆறி, இழுத்துப் பார்த்து, ஊர் முழுவதும் கூப்பிட்டுக் காட்டும்போது மூடி மேசையில் தனியே நிற்பது மூடி மறத்தல் எனப்படும். இம்மறதி அறுவகைப்படும் என்பர், ஐந்தே என்பாரும் உளர் (மேசை, வடு 4, மறுப்பு, வடு 5).

முதல் முனை மறதி மன்னிக்கத் தக்கது. மறுமுனை இன்னும் வெறுமையாக இருப்பதால் அங்கிருந்து மூடியைக் கோத்து, கேபிளின் முழு நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு வரலாம். 20 மீட்டர் கேபிளில் இது ஒரு பயணம். இங்கே பிறப்பது திசை மறதி: வந்து சேர்ந்த மூடி மரையைப் பின்னுக்குக் காட்டாமல் முதுகைக் காட்டும். இரண்டாம் முனை மறதிக்குப் பரிகாரம் இல்லை. வைத்த ஈயத்தை உருக்கி எடுத்தே ஆகவேண்டும். குழாய் மறதியில் மூடி இருக்கும். அதற்குள் போகவேண்டிய பிளாஸ்டிக் குழாய் இராது. மூடியைத் திருகியதும் அதன் உலோகம் உள்ளே ஒலிக்கம்பியின் தகட்டைத் தொட்டு, ஒலி எர்த்தோடு கலந்து அமைதி நிலவும். மூடியைக் கழற்றினால் பாடும், பூட்டினால் நிற்கும். இதைப் பேய் என்று முடிவுகட்டியவர்களும் இருந்தனர் (மேசை, வடு 6, கருமை மிகுந்தது, பதற்றத்தில் வைத்தது). நழுவலில் மூடி முறைப்படி கோக்கப்பட்டு, கேபிளைத் தூக்கியதும் மறுமுனை வழியாகத் தரையில் விழுந்து பீரோவுக்கு அடியில் போகும். ஆறாவது சுருக்க மறதி: இணைப்பின் மேல் இழுத்துச் சுருக்கவேண்டிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் அருகிலேயே இருந்து, அயர்னின் சூட்டில் தனக்குப் பிடித்த இடத்தில் முன்கூட்டியே சுருங்கிவிடும். இது மறதியன்று, குழாயின் அவசரம் என்போரே ஐந்து என்பார்.

மறதியின் காரணம் குறித்து மூன்று கட்சிகள். கண்ணெல்லாம் அயர்ன் நுனியில் இருப்பதால் என்பது ஒன்று. விதி என்பது ஒன்று. மூன்றாம் கட்சி சற்றுச் சிந்திக்கத்தக்கது: முடிந்த கேபிளில் மூடிதான் கடைசியாகப் பூட்டப்படுகிறது, எனவே கடைசி வேலை என்று மனம் அதைக் கடைசிக்கு ஒதுக்குகிறது. கோப்பதும் பூட்டுவதும் வேறுவேறு வேலைகள் என்பதைக் கை அறிய நாளாகிறது (மேசை, வடு 7-இன் மேல் இடப்பட்ட பிற்கால வடு, ஒப்புநோக்குக: அதே மேசையின் அடிப்புறம், ஒட்டிய சூயிங்கத்துக்குக் கிழக்கே, மாறுபட்ட கருத்துக்கு: கடை உரிமையாளரின் மனைவி, வாய்மொழி, கதவுக்கு அப்பாலிருந்து).

ஆசானின் ‘மூடி போட்டியாடா?’ என்ற வினா இறந்தகாலத்தில் அமைந்தது; இறந்தகாலத்தைத் திருத்த முடியாத தருணத்தில்தான் அது எழும். ‘போட்டாச்சுண்ணே’ என்ற விடைக்கும் மேசைமேல் நிற்கும் மூடிக்கும் இடையிலான தொடர்பை உரையாசிரியர்கள் தொடாமல் கடந்துவிடுகின்றனர்.

பிஸ்கட் டப்பாவின் அகழாய்வு இதற்குப் பொருட்சான்று தருகிறது. மேலடுக்கில் திருகாணிகளும் அறுந்த கம்பிகளும். நடு அடுக்கு முழுவதும் மூடிகள். ஒன்றுக்கும் பின் இல்லை. அவற்றுக்குரிய பின்கள் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு மேடைகளில் உலவுகின்றன. சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழியும்போது அவற்றை இனங்காணலாம். கீழடுக்கில் பிஸ்கட் கிடைத்தது. அகழாய்வு அறிக்கை இன்னும் வெளிவரவில்லை. அகழாய்வு அறிக்கைகளின் போக்கை அறிந்தவர்கள் இதற்கு வியப்பதில்லை.

மறதிக்கு முன்கூட்டிய பரிகாரம் உண்டு. மூடியையும் குழாயையும் வரிசைப்படி கோத்து, அவற்றின் பின்னால் துணி கிளிப் ஒன்றை மாட்டி, அதன்பிறகே அயர்னின் ஸ்விட்சைப் போட வேண்டும்.

எஞ்சியது சோதனை. மல்டிமீட்டரை ‘பீப்’ ஒலிக்கும் நிலையில் வைத்து, நுனிக்கு நுனி, எர்த்துக்கு எர்த் தொட்டால் ஒலிக்க வேண்டும். நுனிக்கும் எர்த்துக்கும் இடையே ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் பின்னலிலிருந்து விலகிய ஒற்றை இழை எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. எக்ஸ்எல்ஆரில் 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3. கம்பியை வளைத்து ஆட்டிக்கொண்டே சோதிப்பது முறை. அசையாத கேபிள் யாருக்கும் பொய் சொல்லும். 6.35 மி.மீ. கேபிளில் எர்த் விட்டுப்போயிருந்தால் ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸில் முனகும். மேலைச் சுரங்களில் அது ஜி-க்குச் சற்று மேலே நிற்பதால் எந்தப் பாடகரின் சுருதிக்கும் உதவாது.

முடிந்த கேபிளைச் சுருட்டி வைப்பது தனித்துறை. முழங்கையில் சுற்றுவோருக்கும் ஒரு சுற்று மேல், ஒரு சுற்று கீழ் என வளையம் போடுவோருக்கும் இடையே பேச்சுவார்த்தை இன்னும் தொடங்கவில்லை.