ரிலீவர் வரும்வரை

அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அதன் விளைவாக, பெரும்பாக்கத்தில் என் பேத்திக்கு இட்லி ஊட்டும் பொறுப்பு அவளுடைய அப்பாவிடமிருந்து எனக்குக் கைமாறுகிறது. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் முள்ளைத் திருப்பி வைக்கும்வரை அது என்னிடம்தான் இருக்கும்.

மாப்பிள்ளைக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி இருப்பதுதான் சிறுசேரி. அது கண் விழிப்பது நியூயார்க்கில். அங்கே காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. குளிர்காலத்தில் கேப் ஆறு மணிக்கு வரும். அதற்குள் மகளுக்கு ஊட்டி, வாய் துடைத்துவிட்டுப் போய்விடுவார். கோடையில் ஐந்துக்கே வாசலில் ஹாரன். ஐந்து மணிக்கு எந்தக் குழந்தை ராச்சாப்பாடு சாப்பிடும்? வாஷிங்டனில் முள்ளை நகர்த்துவதற்கு முன்னால் பெரும்பாக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மகள் நர்ஸ். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யு. நைட் வரும் வாரங்களில் ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை டியூட்டி. ஏழு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துவிடுவாள். அதற்கப்புறம் வீட்டில் மிச்சம் இருப்பது மூன்றரை வயதுப் பேத்தியும், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆன நானும்தான். பாட்டி எங்கே என்பீர்கள். பாட்டி புனேயில் டெபுடேஷனில் இருக்கிறாள். மகன் வீட்டில் இரண்டாவது குழந்தை. இந்தக் காலத்தில் தாத்தாவும் பாட்டியும் ஒரே ஊரில் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், பிள்ளைகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

சர்க்காருக்கு இந்தச் சங்கடம் தெரியாதென்று சொல்லமாட்டேன். தெரியும், ஆனால் பகலில் மட்டும். 1975-ல் ஆரம்பித்த திட்டத்தின் அங்கன்வாடிகள் பொழுது சாய்வதற்குள் பூட்டிக்கொள்கின்றன. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் அதிகம் பேர் வேலை பார்க்கும் ஆலையில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. அதே சட்டம் ராத்திரி ஏழு முதல் காலை ஆறு வரை பெண்களை ஆலைக்குள் வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் சொன்னது. ராத்திரியானால் அம்மா வீட்டில் இருப்பாள், குழந்தை அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் என்று கணக்கு. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆலைக் கதவு ராத்திரியிலும் திறந்தது. குழந்தைகள் அறையின் சாவியை மட்டும் யாரும் தேடவில்லை. நர்ஸுகளோ அந்தத் தடை இருந்த காலத்திலும் ராத்திரி முழுக்க விழித்துத்தான் இருந்தார்கள், ஆஸ்பத்திரி ஆலை இல்லை என்பதால்.

2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்துவரலாம். மகளின் ஆஸ்பத்திரியிலும் காப்பகம் இருக்கிறது. சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்து அழகாக வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு யானை உள்பட எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாசலில் ‘24 மணி நேரமும்’ என்று சிவப்பு விளக்கு எரிகிறதே, அது நோயாளிக்கு.

ஆகவே நான்.

எனக்கு நைட் டியூட்டி புதிதல்ல. விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவில், பாண்டியனும் மலைக்கோட்டையும் நிற்காமல் போகிற ஒரு ஸ்டேஷனில் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு வருடக்கணக்கில் நின்றவன். அதற்கு ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை அலவன்ஸ் உண்டு. புனேயிலிருந்து வீட்டம்மா போனில் சொன்னாள்: “நீங்க நைட்டுல இருந்தப்ப நான் தனியா ரெண்டு புள்ளைய வளத்தேன். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் கேஸ் அடுப்போட.” இதற்குப் பதில் சொல்ல ரயில்வே ரூல் புத்தகத்தில் வழி இல்லை.

பகல் நேரப் பிளே ஸ்கூல்காரர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். காலை ஒன்பதுக்குத் தூங்கி எழுந்து, குளித்து, பவுடர் போட்ட குழந்தை அவர்களுக்குப் போகிறது. பாட்டுப் பாடுகிறது, கலர் அடிக்கிறது, ‘தேங்க் யூ மிஸ்’ சொல்கிறது. மாலை ஆறு மணிக்கு என் கைக்கு வருவது அந்தக் குழந்தை அல்ல. தூக்கம் கண்ணில் நிற்கும், தூங்கமாட்டாள். பசிக்கும், சாப்பிடமாட்டாள். வேண்டும் என்று கேட்ட நீலத் தட்டை வைத்தால், ஏன் நீலத் தட்டு என்று அழுவாள். ஃபீஸ் அவர்களுக்கு, இந்த மணி எனக்கு.

வீட்டில் சட்டதிட்டங்களுக்குக் குறைவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் மகள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். டிவி பார்த்துக்கொண்டே சாப்பாடு கிடையாது. போன் கிடையாது. பிஸ்கட் ஒன்று. பூச்சாண்டி என்ற பெயரையே எடுக்கக் கூடாது, குழந்தையின் மனம் பாதிக்கும். ஒன்பது மணிக்கு விளக்கு அணைய வேண்டும். எங்கள் காலத்தில் பூச்சாண்டி இல்லாமல் ஒரு கவளம்கூட உள்ளே போனதில்லை. வாங்கிய சம்பளத்துக்கு அவர் உழைத்த உழைப்பு கொஞ்சமா? அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை இப்போது ஒரே ஆளின் தலையில்.

மாப்பிள்ளை தன் பங்குக்கு ஹாலில் ஒரு கேமரா மாட்டினார். உள்ளங்கை அகல வெள்ளை உருண்டை. அவர் ஆபீஸிலிருந்து போனில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். ஒருநாள் இட்லி மூன்றாவது விள்ளலோடு நின்றுவிட்ட நேரம், யாருக்கும் தெரியாமல் என் போனில் யானைப் பாட்டு ஒன்றைப் போட்டேன். சுவரிலிருந்து அசரீரி: “மாமா… ஸ்கிரீன் டைம் வேணாமே, ப்ளீஸ்.” என் கை நடுங்கி சாம்பார் வேட்டியில். பேத்தி கொஞ்சமும் அசரவில்லை. அவளைப் பொறுத்தவரை அப்பா வேலைக்குப் போவதென்றால் அந்த உருண்டைக்குள் போவது. அன்றுமுதல் ஒரு விள்ளலை அதற்கும் ஊட்டத் தொடங்கினாள். ஸ்டூலில் ஏறி, “ஆ காட்டுப்பா” என்று இட்லியை லென்ஸில் அப்பினாள். ஆபீஸில் நாலு பேர் நடுவில் அவர் என்ன பார்த்தாரோ, உடனே போன் வந்தது. கேமராவை உயரத்தில் மாற்றிவிட்டோம். அந்த உயரத்தில் என் துண்டு காயப்போடத் தோதான ஆணியும் ஒன்று இருக்கிறது. ஈரத்துண்டு காய நேரம் பிடிக்கும்தானே.

கதைக்கு வருவோம். வடை சுட்ட பாட்டி, காக்கா, நரி. எல்லோருக்கும் தெரிந்த ரூட், சிக்கல் வராது என்று ஆரம்பித்தேன். பாட்டி மரத்தடியில் உட்கார்ந்து வடை சுட்டாள் என்றதும் வண்டி நின்றது.

“தாத்தா, பாட்டி வேலைக்கு வந்துட்டா வீட்ல பாப்பாவ யாரு பாத்துக்குவா?”

“பாப்பா இல்லம்மா. பாட்டி மட்டும்தான்.”

“பாட்டின்னா பாப்பா இருக்கணும்.”

நியாயம்தான். பாப்பா இல்லாமல் எப்படிப் பாட்டி? “தாத்தா பாத்துக்குவார்” என்றேன்.

“அப்ப காக்கா வடைய தூக்கிட்டுப் போகட்டும். பாட்டி வீட்டுக்குப் போகட்டும்.”

இத்தனை தலைமுறையாக இந்தக் கதையைக் கேட்டவர்கள் காக்காவின் பேராசையைப் பேசியிருக்கிறார்கள், நரியின் தந்திரத்தைப் பேசியிருக்கிறார்கள். பாட்டியின் டியூட்டி நேரத்தைப் பற்றி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தூங்கவைப்பது தனி வித்தை. எனக்குத் தாலாட்டு வராது; குரல் அப்படி. ஆனால் இந்தக் குரலுக்கு வேறொரு உபயோகம் தற்செயலாகத் தெரிந்தது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி எண் ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, ஏழு. சென்னை எழும்பூரிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல் வழியாக மதுரை வரை செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸ்…” என்று மூக்கால் சொன்னதும் பேத்தி என் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டாள். மடி அவளுக்கு லோயர் பெர்த். டிக்கெட் கேட்டால் உள்ளங்கையை நீட்டுவாள், நான் விரலால் கிறுக்கவேண்டும். பிளே ஸ்கூலில் பகல் தூக்கம் போடாத நாளானால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் குறட்டை. அங்கே இரண்டு மணி நேரம் தூங்கவைத்து அனுப்பினார்களோ, போச்சு. மதுரையில் முடியவேண்டிய வண்டியை விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று இழுத்துக்கொண்டே போகவேண்டும். ஒரு ராத்திரி கன்னியாகுமரி வந்தும் கண்ணை மூடவில்லை. அதற்குமேல் தண்டவாளம் கிடையாது என்றேன். “கப்பல் இருக்குல்ல?” என்றாள்.

ரயில்வேயில் ஒரு ஒழுங்கு உண்டு. ரிலீவர் வந்து, நிலவரம் கேட்டு, டைரியில் கையெழுத்துப் போட்டு சார்ஜ் எடுக்கும்வரை இருக்கிறவன் நகரக் கூடாது. வராவிட்டால் தொடர்ந்து டியூட்டி. இங்கே ரிலீவர் வருகிறார், அதுதான் சிக்கல். விடியற்காலை நாலரைக்கு மாப்பிள்ளை கேபிலிருந்து இறங்குவார். “மாமா, நீங்க போய்ப் படுங்க, இனிமே நான் பாத்துக்கறேன்” என்று சோபாவில் உட்காருவார். வாக்கியம் முடியும்போது சாய்ந்திருப்பார். பாதி ஷூ காலில். நான் இரண்டு பேருக்கும் போர்வை போர்த்திவிட்டு டியூட்டியைத் தொடர்வேன். எட்டே முக்காலுக்கு மகள் வருவாள். கண்ணில் ராத்திரி முழுக்க நிற்கும். ஸ்கூல் வேனுக்கு இன்னும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருநாளைக்குச் சேரவேண்டிய அம்மாவை அவள் கொடுத்தாகவேண்டும். தலை வாரும்போது கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் வாருவாள். குழந்தையும் கத்தாமல் நிற்கும். அந்த நேரத்தில் நான் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவது வழக்கம்.

சாயங்காலம் பார்க் பெஞ்சில் எங்கள் யூனியன் கூடும். ரிடையர்டு தலைமையாசிரியர், மின்வாரியத்துக்காரர், தாலுகா ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்தவர். வேட்டியில் பால் கறை இல்லாதவர் யாரும் கிடையாது. அரசியல் பேசுவோம் என்று நினைப்பீர்கள். பேச்செல்லாம் இரண்டு நாளாக மலம் போகாதது, பல் முளைப்பது, எந்த டயாபர் ஒழுகவில்லை என்பது. லீவு வேண்டுமானால் இங்கேயே பரிமாற்றம்: நாளை எனக்குக் கண் டாக்டர், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், வியாழக்கிழமை உங்களுக்குப் பேங்க், நான் பார்த்துக்கொள்கிறேன். மின்வாரியத்துக்காரரின் மகள் ஸ்வீடனில். அங்கே ராத்திரி ஷிப்ட் போகிற அப்பா அம்மாக்களுக்காகப் பல ஊர்களில் நகராட்சியே இரவுக் காப்பகம் நடத்துகிறதாம். குழந்தை அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கும் என்றார். “என்ன அருமையான நாடு!” என்றார் தலைமையாசிரியர். மின்வாரியத்துக்காரர் முகத்தில் அருமை ஒன்றும் தெரியவில்லை. “அதனாலதான் சார் என்னை இன்னும் கூப்பிடல” என்றார்.

இந்தத் தொழிலுக்கு விலை வைத்தவர் எங்கள் பிளாக்கில் ஒருவர்தான், மூன்றாவது மாடி அக்கா. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளைத் தன் ஃபிளாட்டிலேயே வைத்துக்கொள்வார். ரசம் சாதம் ஊட்டுவார், ஹோம்வொர்க் எழுதவைப்பார், ராத்திரி ஒன்பதுக்குள் வந்து கூட்டிப்போக வேண்டும். தாண்டினால் மணிக்கணக்கில் எக்ஸ்ட்ரா. சாக்குப்போக்கு எடுபடாது, சோழிங்கநல்லூர் சிக்னல் உள்பட. ராத்திரியும் பார்த்துக்கொள்வீர்களா என்று ஒருமுறை கேட்டேன், என் மார்க்கெட் விலையைத் தெரிந்துகொள்ளத்தான். கையெடுத்துக் கும்பிட்டார். “வேணாம் சார். சாயங்காலம் அழுதா அது குழந்தை அழுவுதுன்னு விட்ருவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதா நாலு வீட்டுக்காரங்க வாசல்ல நிப்பாங்க. நீங்கன்னா தாத்தா. நான்னா ‘காசு வாங்கிட்டு என்ன பண்றா?’ம்பாங்க.”

போன வாரம் அதே அக்கா மாடியேறி வந்தார். பிள்ளைகள் கூடிவிட்டார்கள், ஆறு முதல் ஒன்பது வரை கூட ஓர் ஆள் வேண்டும், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், ரயில் கதை சொன்னால் போதும், மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டபோது பழைய அலவன்ஸ் ஞாபகம் வந்தது. வாரம் ஒருநாள் ஓய்வு, அதற்கு ரெஸ்ட் கிவர், டீ இரண்டு வேளை என்று என் கோரிக்கைகளை வரிசையாக வைத்தேன். டீயோடு சரி என்றார்.

“அப்பா, இந்த வயசுல வேலைக்கா?” என்றாள் மகள். இத்தனை நாள் பார்த்தது என்னவாம் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு ஆட்சேபணை இல்லை. அக்கா வீட்டில் கேமரா இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். கடைசியில் பேத்தியிடமும் சொன்னேன். நிறைய பிள்ளைகள் இருப்பார்கள், எல்லோருமாகப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போகலாம், சரியா?

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அவங்கல்லாம் அன்ரிசர்வ்டு” என்றாள்.