அகத்தியர் மலையடியில் அக்கிலீஸ்

கிரேக்கப் புராண வீரர்கள் இருவரைக் காதலர்களாக்கி நாவல் எழுதிப் பரிசும் வாங்கிவிட்டார்களாமே! நம் புராணங்களில் இதெல்லாம் உண்டா?
– ஒரு வாசகர், போனக்காடு

மேடலின் மில்லரின் 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்' 2011இல் வந்தது. 2012இல் ஆரஞ்சு பரிசு பெற்றது. ஆனால் அக்கிலீஸ்–பாட்ரோக்ளஸ் காதல் பழைய சரக்குதான். ஹோமர் வாய் திறக்காவிட்டாலும், கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எஸ்கிலஸ் அதை நாடகமாக்கிவிட்டார். பிளேட்டோவின் 'சிம்போசியம்' நூலில் ஒருவர் எஸ்கிலஸிடம் சண்டைக்கே போகிறார். காதல் உண்டா என்பதல்ல தகராறு; இளையவன் யார் என்பதுதான். தாடிகூட முளைக்காத அக்கிலீஸ்தான் இளையவன் என்பது அவர் கட்சி. இறந்தபின் இருவர் எலும்பும் ஒரே தங்கக் குடத்தில் சேர்ந்தன.

இந்தக் கேள்வி போனக்காட்டிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. அகத்தியர்கூடம் மலைக்கு ஏறத் தொடங்குவதே அங்கேதான். கும்பமுனி எனப்படும் அகத்தியர் பிறந்ததும் ஒரு குடத்தில்தான். தந்தையரோ மித்திரன், வருணன் என இருவர்! ஊர்வசியைப் பார்த்ததால் வந்த வினை என்று புராணம் சமாதானம் சொல்கிறது.

நாவலிலும் இந்தியா பின்தங்கவில்லை. கர்ப்பமான அரசன் யுவனாசுவனை வைத்து, ஆண்–பெண் எல்லையையே கலைத்து, தேவ்தத் பட்நாயக் 'தி பிரெக்னன்ட் கிங்' எழுதியது 2008இல். மில்லருக்கு 3 ஆண்டு முன்பு.