நடத்தைச் சூத்திரமும் சரவணை உரையும்

பிரயோக நடத்தைப் பகுப்பாய்வில் முதுமாணி கற்போர் மூவகையர் என்க: எண்ணுவார், பெயரிடுவார், கொடுப்பார். மாமி என்றொருத்தியும் உளள். அவள் கற்றிலள் ஆதலின் புறனடையிற் கூறுதும்.

எண்ணுவார் முதலாந் தவணையில் தோன்றுவர். பிள்ளை நிமிடத்துக்கு எத்தனை தரம் மேசையைத் தட்டியது என்பதே இவர்க்கு வேதம். விடுமுறைக்குத் தம் ஊரான சரவணைக்கு வந்தால் வேலியிற் காகம் கரைவதும் கொப்பியில் ஏறும்.

பெயரிடுவார், பையரும் வுல்ஃபும் றிஸ்லியும் 1968இல் இத்துறைக்கு வகுத்த ஏழு இலக்கணத்தையும் மனனம் செய்தவர். இவர் நூற்படி அழுகையின் பயன் நான்கு: பிறர் கவனம், வேலை தப்பல், பொருள் பெறல், தன்னுடம்புக்கு இதம். இதைச் சோதித்தறியும் முறையை இவாட்டா குழுவினர் 1982இல் வெளியிட்டனர். அதற்கு முன் சரவணையில் காரணம் ஒன்றுதான், நாவூறு.

கொடுப்பார் பாடுதான் பெரும்பாடு. நல்ல நடத்தை கண்டவுடன் கொடுத்தல் மீளவலியுறுத்தல் எனப்படும். அழுத பேரனுக்கு அம்மம்மா பனங்கட்டி நீட்டினார்.

"அழேக்க குடுக்காதேங்கோ அம்மம்மா, அழுகை கூடும்."

"அழாமல் இருக்கிற பிள்ளைக்கு ஏன் மோனை குடுப்பான்?"

இந்த ஒரு வினாவுக்கு விடை சொல்லவே பல்கலைக்கழகத்தில் ஒரு முழுத் தவணை வைத்திருக்கிறார்கள். கொடுப்பதை நிறுத்தினால் அழுகை முதலில் ஏறிப் பின்பே இறங்கும் என்பதும் அங்கே பாடம். ஏறும்போது அயலெல்லாம் படலையில் நிற்கும் என்பது பாடத்தில் இல்லை.

இனிப் பட்டயம். நடத்தைப் பகுப்பாய்வாளருக்கான அமெரிக்கச் சான்றளிப்புச் சபை 1998இல் எழுந்தது. முதுமாணிப் பட்டத்தோடு மேற்பார்வையில் 2000 மணித்தியாலக் களப்பணியும் கேட்கும். 2023 முதல் இலங்கையில் வசிப்போர் புதிதாய் விண்ணப்பிக்க வழியில்லை. ரொறன்ரோவுக்குப் போன சரவணையாருக்கு உண்டு. ஒன்ராறியோவில் 2024 யூலை முதல் நடத்தைப் பகுப்பாய்வு சட்டப் பதிவுள்ள தொழிலுமாயிற்று. பிள்ளை இங்கே, பட்டயம் அங்கே. இதை வகைப்படுத்த எந்த இலக்கணமும் போதாது.

புறனடை: மாமி. வேலிக்கு மேலால், ஒருநாள் விட்டு ஒருநாள், சிலவேளை இருநாள் விட்டு, பிஸ்கற் நீட்டுபவள். இப்படி எப்போது கிடைக்கும் என்று தெரியாமற் கிடைப்பதே நடத்தையை அழியாமற் காக்கும் என ஃபெர்ஸ்ரரும் ஸ்கின்னரும் 1957இல் பெருநூல் எழுதினர். மாமி அதைப் படித்தவளல்லள். அவளுக்கும் பயிற்சி வகுப்பு வைக்கலாமே எனின், வைத்தோம். வரும்போது ஒரு பெட்டி பிஸ்கற் கொண்டு வந்தாள்.