நாளையிலிருந்து ஐந்து மணிக்கு எழுபவர்

நாளையிலிருந்து ஐந்து மணிக்கு எழுபவர் தமிழ்நாடு முழுவதும் காணப்படும் வகையினர். வயது பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. அடையாளம் காண்பது எளிது. செல்பேசியில் 5.00, 5.05, 5.10, 5.20 என்று வரிசையாக அலாரம் வைத்திருப்பார். அதை வைத்த நேரம் நள்ளிரவு 1.40. சீக்கிரம் எழும் முடிவை இவர் பகலில் எடுத்ததாக வரலாறு இல்லை.

இவ்வகையினரை அருகிலிருந்து பார்க்க ஏற்ற இடம் மேல்சித்தாமூர். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட இவ்வூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. அதன் தலைவர்கள் வழிவழியாக லட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயர் தாங்குவர். பார்சுவநாதர் கோயில் கோபுரம் ஊருக்கு வெளியிலிருந்தே தெரியும். ஆனால் சென்னையிலிருந்து வரும் பேரனுக்கு முதலில் தெரிவது கோபுரமல்ல, சாப்பாட்டு நேரம். சமண நெறியில் இரவில் உண்பது விலக்கு. இருட்டில் விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும். கொல்லாமைக்கு அது இழுக்கு. ஆகவே பொழுது சாய்வதற்குள் இராச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். வெளியூர் வேலைக்குப் போனவர்கள் அங்கே எப்படியோ, ஊர் வீட்டில் ஆயா இருக்கும்வரை இதில் தளர்வு கிடையாது.

தீபாவளி விடுமுறைக்கு வருபவரின் நிலை இன்னும் சிக்கல். சமணருக்கு அது மகாவீரர் வீடுபேறடைந்த நாள். அவர் வீடுபேறடைந்ததாகச் சொல்லப்படும் வேளையோ விடியற்காலை; அன்று விடிந்தபின் தூங்கினால் ஆகாது. போதாததற்கு அந்த மாதத்தில் சூரியன் 5.45-ஐ ஒட்டி இறங்கிவிடும். மதியச் சாப்பாட்டை மூன்றரைக்கு முடித்த பேரனை ஐந்து மணிக்கே குரல் வந்து எட்டும்:

"கண்ணு, பொழுது சாயப் போவுது. வந்து சாப்புட்டுடு."

"இப்பதான ஆயா சாப்ட்டேன்!"

"அது மத்தியானத்துது."

வாதத்தில் தோற்றவர் இரண்டு தோசையோடு எழுந்துவிடுவார். பசி இரவு பதினொன்றுக்கு வரும். சத்தமில்லாமல் அடுக்களைக்குப் போனால் எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். கவிழ்த்த பாத்திரத்தைப் போல உறுதியான பதில் வேறில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான்; நோன்பில் கண்டிப்பான வீடென்றால் அதுவும் ஐயம்.

இவருக்கு நேர் எதிர் வகை விடிவதற்குமுன் எழுபவர். மேல்சித்தாமூரில் இவர் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, மல்லாட்டைக் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பொழுது விடியும். எழுந்ததோடு இவர் நிறைவடைய மாட்டார். பிறர் எழாததையும் கணக்கில் வைப்பார். எட்டரைக்குக் கண்ணைத் திறப்பவரிடம் "ராத்திரி ரொம்ப வேலையா?" என்று அக்கறையோடு கேட்பது இவர் வழக்கம். ஆனால் இரவு எட்டுக்கு மேல் இவரிடம் ஒரு செய்தி சொன்னால் பாதியில் குறட்டை பதிலாக வரும். போர் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் முறையும், விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தும் மட்டுமே இவரை ஆந்தையாக்கும். கூத்திலும் துரியோதனன் படுகளத்தில் விழும் நேரத்தில் இவர் பாயில் விழுந்திருப்பார்.

இரு வகையினருமே தம் வழக்கத்தைக் குணமென்று நினைக்கிறார்கள். பெரும்பங்கு உடம்பின் கடிகாரத்துடையது. அக்கடிகாரம் இயங்கும் மூலக்கூற்று முறையைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சமே படாமல் விட்டால் பெரும்பாலோரின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாகவே சுற்றும். அதனால் ஒரு மணி நேரம் தாமதமாகத் தூங்குவது எளிது, ஒரு மணி நேரம் முன்னதாகத் தூங்குவது கடினம். பருவ வயதில் அது மேலும் பின்னுக்குப் போய், இருபதை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு மெல்ல முன்னுக்கு வருகிறது. பேரனுக்கு எட்டரையும் ஆயாவுக்கு நாலரையும் பாதி வயதின் கணக்கே.

வழக்கத்தை மாற்ற வழி உண்டு. எழுந்ததும் வெயிலில் நிற்பது, ஞாயிறு உட்பட தினமும் ஒரே நேரத்தில் எழுவது, சாயங்காலத்துக்கு மேல் காபியைத் தவிர்ப்பது, படுக்கையில் செல்பேசி வெளிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, ஒரேயடியாக மூன்று மணி நேரம் தாவாமல் சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே நகர்வது. நாளையிலிருந்து ஐந்து மணிக்கு எழுபவருக்கு இவை அனைத்தும் மனப்பாடம். இரவு ஒன்றரை மணிக்கு இதைப் பற்றித்தான் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார்.

மனப்பாடம் செய்யாத ஒன்றும் உண்டு: கூட வாழ்பவர்களின் வழக்கம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் 1970-களின் இறுதியில் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சம் எட்டாத குகைக்குள் கூண்டில் வைத்த வௌவாலுக்கு வெளியே பொழுது எப்போது சாய்கிறதென்று தெரிய வழியில்லை. ஆனாலும் உடன் வாழும் வௌவால்கள் இரை தேடிக் கிளம்புவதையும் திரும்புவதையும் வைத்து அது தன் நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டது. கூட்டத்தை விலக்கினால் அதன் நேரம் தன்போக்கில் நழுவத் தொடங்கியது.

மேல்சித்தாமூரில் நடப்பதும் இதுவே. நான்காம் நாள் பேரனுக்கு ஐந்து மணிக்கே பசிக்கிறது. தெரு அடங்கும்போது கண் செருகுகிறது. ஆறாம் நாள் அலாரம் அடிக்குமுன் எழுந்து, திண்ணையில் உட்கார்ந்து, தூங்கும் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். எட்டாம் நாள் திண்டிவனத்தில் பஸ் ஏறிச் சென்னை அறைக்குப் போகிறார். அங்கே உடன் தங்கியிருக்கும் நண்பர்கள் பதினொன்றுக்குப் பரோட்டா வரவழைக்கிறார்கள். ஒரு வாரத்தில் எட்டரை திரும்பிவிடுகிறது.

அலாரம் மட்டும் தினமும் 5.00, 5.05, 5.10, 5.20-க்குத் தவறாமல் அடிக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் இப்போது விடியற்காலையில் எழுபவராகிவிட்டார்.