குளிர்ந்த கல்லுக்கும் நடுக்கமா?

கேள்வி: மைக்ரோவேவ் அலைவெண் நிலையாக நிற்க, நீலக்கல்லை மைனஸ் 267 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்களாமே. அப்புறமும் ஏன் அலைவெண் ஆடுகிறது?

பதில்: கல் சாது, சுற்றியிருப்பவர்கள்தான் அதைச் சும்மா இருக்க விடுவதில்லை! அந்தக் குளிரில் செயற்கை நீலக்கல் உருளைக்குள் புகுந்த அலை, விளிம்பையொட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆற்றல் கரைவதற்குள் கோடிக்கணக்கான முறை அதிர்ந்துவிடும். கல்லில் கலந்த துளி குரோமியம், மாலிப்டினம் அசுத்தம்கூட உபகாரிதான். வெப்பநிலையின் விளைவை எதிர்ப்பக்கம் இழுத்து, அதே 6 கெல்வின் (மைனஸ் 267 டிகிரி) அருகே ஒரு நடுநிலைப் புள்ளியைத் தருகிறது. அங்கே நிறுத்திவிட்டால் சிறு வெப்ப மாற்றம் அலைவெண்ணை அசைக்காது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

மிச்சத் தொல்லையெல்லாம் வெளியிலிருந்து: குளிரூட்டும் இயந்திரத்தின் அதிர்வு, மைக்ரோவேவ் திறனின் ஏற்றத்தாழ்வு, அலைவெண்ணைப் பூட்டிவைக்கும் மின்னணுச் சுற்றின் இரைச்சல். இந்தக் கடைசி ஆசாமி பொல்லாதவர். அவருடைய ‘ஃபிளிக்கர்’ வகை இரைச்சல், எவ்வளவு நேரம் சராசரி எடுத்தாலும் குறையாது. அப்படியும் ஒரு விநாடி அளவீட்டிலேயே பிசகு பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு அளவுதான்! 1999-ல் பாரிஸின் சீசியம் நீரூற்று அணுக் கடிகாரத்தோடு இத்தகைய நீலக்கல் கருவியை இணைத்தார்கள். பிறகு அந்தக் கடிகாரத்தின் நிலைத்தன்மைக்கு எல்லை போட்டது கல் அல்ல, அணுக்களின் குவாண்டம் இரைச்சல்தான்.